வெயில் எந்தப் பக்கம்? செட்டிநாட்டு முகப்பில் ஒரு மணிவிழா பேனர், படம் எடுப்பதிலிருந்து பிளக்ஸ் அச்சு வரை

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் மணிவிழா பேனர்களில் ஒரு விஷயத்தை அடிக்கடி பார்க்கலாம். பின்னால் அருமையான ஒரு முகப்பு, முன்னால் குடும்பமே நிற்கிறது, ஆனால் யாரும் அந்த வீட்டில் நிற்கிற மாதிரி இல்லை, வெட்டி ஒட்டியது பளிச்சென்று தெரிகிறது. எல்லோரும் கட்டிங் சரியில்லை என்பார்கள். பெரும்பாலும் கட்டிங் நன்றாகத்தான் இருக்கும், வெளிச்சம்தான் தகராறு: வீட்டுக்கு வெயில் இடப்பக்கம், அப்பச்சிக்கு வலப்பக்கம், சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு நேர் முகத்தில் ஃபிளாஷ், தலைப்பு எழுத்துக்கு மேலிருந்து. ஒரு படத்துக்குள் நாலு சூரியன் இருந்தால் கண் ஏற்றுக்கொள்ளாது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு சூரியனைக் காப்பாற்றுவது பற்றித்தான், எழுத்து எஃபெக்ட் உட்பட.

நான் ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளை வைத்துச் சொல்கிறேன், இலவசம் என்பதால் யாரும் உடனே செய்து பார்க்கலாம். 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3 என்றால் இன்னும் நல்லது, அதில் பல ஃபில்டர்களைப் போட்ட பிறகும் திரும்பப் போய் அளவை மாற்றலாம். போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் இதே லேயர் (ஒன்றன் மேல் ஒன்றான அடுக்கு), இதே மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை மறைக்கும் திரை), இதே மல்டிப்ளை (கீழே உள்ளதை இருட்டாக்கிக் கலக்கும் முறை), மெனு இருக்கும் இடம்தான் வேறு.

கோப்பின் அளவு

6 அடிக்கு 4 அடி பிளக்ஸ் என்றால் 72 அங்குலத்துக்கு 48 அங்குலம். அதை 72 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளி வைத்துப் போட்டால் 5184க்கு 3456 பிக்சல். பத்தடி தள்ளி நின்று பார்க்கிற பிளக்ஸுக்கு இது போதும். இதே டிசைனைக் கையில் பிடித்துப் படிக்கிற அழைப்பிதழாகவும் அடிக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு 300 டிபிஐ வேண்டும், 5க்கு 7 அங்குல அட்டைக்கு 1500க்கு 2100 பிக்சல். பேனர் அகலம், அட்டை உயரம் என்பதால் இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு வையுங்கள்.

முகப்பைப் படம் எடுப்பது

முகப்பு கிழக்கு பார்த்தது என்றால் காலையில், வெயில் சுவரில் சாய்வாக விழும் நேரம் பார்த்து எடுங்கள். அப்போதுதான் சுதை வேலை, அதாவது சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சிற்பங்கள், எழும்பித் தெரியும், கஜலட்சுமியின் இரண்டு பக்க யானைகளும் சுவரிலிருந்து வெளியே வந்து நிற்கும். உச்சி வெயிலில் மேலே துருத்தியிருக்கும் விளிம்புகளின் நிழல் நீளமாகக் கீழே இறங்கிச் சுவரைக் கெடுக்கும். மேகமூட்டத்தில் எடுத்தால் ஆட்களை ஒட்டுவது சுலபம், ஆனால் எழுத்தைச் சுவரில் செதுக்கியது போலக் காட்ட முடியாது, நிழல் இல்லாத சுவரில் புடைப்பு எப்படித் தெரியும்?

தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று சாதாரண லென்ஸிலோ இரண்டு மடங்கு ஜூமிலோ எடுங்கள். அகல லென்ஸில் எடுத்தால் ஓரத்துத் தூண்கள் சாய்ந்துவிடும், அப்புறம் ஓரத்தில் நிறுத்துகிற ஆளும் அந்தச் சாய்வுக்கு ஒத்து வர மாட்டார். கேமரா எந்த உயரத்தில் இருந்தது, மார்பா கண்ணா என்று குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் பெரிய உதவி. உங்கள் வீடு இல்லை என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கும் பங்காளிகள் இருக்கிறார்கள்.

படத்தை ஜிம்ப்பில் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை: எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெற்று லேயர் போட்டு, அதற்கு ‘வெயில்’ என்று பெயர் வைத்து, தூணின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து சிவப்பில் பெரிதாக ஒரு அம்பு வரையுங்கள். வேலை முடிகிற வரை அந்த அம்பு திரையில் இருக்கட்டும். நிழலின் ஓரம் கூர்மையா, மழுங்கலா, வெளிச்சம் மஞ்சளா, வெள்ளையா என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஏற்றுமதி செய்யும்போது கண் குறியை அணைத்தால் போதும்.

ஆட்களின் படம்

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் “ஒரு நல்ல போட்டோ அனுப்பு” என்று கேட்டால் செல்ஃபிதான் வரும். இப்படிச் சொல்லுங்கள்: வெறும் சுவர் முன்னால் நில், பாதம் வரை முழு உருவம் வேண்டும், கேமரா மார்பு உயரத்தில் இருக்கட்டும், வெளிச்சம் உன் இடப்பக்கமா வலப்பக்கமா என்று நான் சொல்கிற பக்கத்திலிருந்து வரவேண்டும், ஃபிளாஷ் வேண்டாம், வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பு. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், ஆறடி பேனரில் அது நன்றாகத் தெரியும்.

வெளிச்சம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறதே, படத்தை இடவலமாகத் திருப்பிவிடலாம் என்று தோன்றும். திருப்பாதீர்கள். முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், சட்டைப் பை வலது மார்புக்கு வந்துவிடும். அப்பத்தாக்கள் முதலில் கண்டுபிடிப்பது இதைத்தான். ஒன்று இன்னொரு படம் கேளுங்கள், இல்லையென்றால் முகத்தில் நிழல் இல்லாத மென்மையான வெளிச்சத்துப் படத்தைத் தேர்ந்து, நீங்களே ஒரு பக்கத்தை லேசாகக் கருமையாக்குங்கள்.

வெட்டுவது

அழிப்பான் பக்கமே போக வேண்டாம். எல்லாம் லேயர் மாஸ்க்கில்தான், கறுப்பு பூசினால் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும், எதுவும் நிரந்தரமாகப் போகாது. எக்ஸ் விசையை அழுத்தினால் இரண்டு நிறமும் இடம் மாறும், இதைக் கை பழகிவிட்டால் வேலை பாதியாகிவிடும்.

உடம்பு, வேட்டி, புடவை ஓரங்களுக்கு, புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் பாத் கருவி. படத்தை இருநூறு சதவீதம் பெரிதாக்கி, ஓரத்துக்கு ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே தள்ளியே புள்ளிகளை வையுங்கள், அப்போதுதான் பழைய பின்னணியின் வெளிர் கோடு கூட வராது. பாத்தை செலக்‌ஷனாக மாற்றி, ஓரம் மென்மையாக அரை பிக்சலோ ஒரு பிக்சலோ ஃபெதர் கொடுத்து, லேயர் மெனுவில் மாஸ்க் சேர்க்கும்போது ‘செலக்‌ஷன்’ என்பதைத் தேருங்கள்.

தலைமுடிதான் பொறுமை கேட்கும். ஃபோர்கிரவுண்ட் செலக்ட் கருவி பெரும்பகுதியைப் பிடித்துக் கொடுக்கும், நெற்றியோரத்து மெல்லிய முடியை அது விட்டுவிடும். அதை மாஸ்க்கில் தேட வேண்டாம், மேலே தனி லேயர் போட்டு, முடியின் நிறத்தையே எடுத்து, இரண்டு பிக்சல் பிரஷ்ஷில் சில இழைகளை வரைந்துவிடுங்கள். மல்லிகைச் சரம் வேறு பிரச்சினை. வெள்ளைச் சுவர் முன்னால் எடுத்த படத்தில் மொட்டு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று எந்தக் கருவிக்கும் தெரியாது. ஓரம் கடினமான சின்ன பிரஷ்ஷை எடுத்து மொட்டு மொட்டாக மாஸ்க்கில் ஓரம் கட்டுங்கள். ஒரு சரத்துக்குக் கால் மணி நேரம் ஆகலாம், ஆனால் பேனரில் பெண்கள் கண் அங்கேதான் போகும். சாம்பல் நிறச் சுவர் முன்னால் எடுக்கச் சொல்லியிருந்தால் இந்த வேலையே இல்லை, பூவும் வேட்டியும் சுலபமாகப் பிரிந்து வரும்.

யார் எவ்வளவு உயரம்

ஆளைக் கண்ணளவில் பெரிதாக்கிச் சின்னதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தரை அதைச் சொல்லிவிடும். திண்ணையின் விளிம்பு, படி, ஆத்தங்குடிக் கல் பாவிய தரை என்றால் அந்தக் கற்களின் இணைப்புக் கோடுகள், இவற்றில் உள்நோக்கி ஓடுகிற இரண்டு கோடுகளைத் தனி லேயரில் நீட்டிக்கொண்டே போங்கள். இரண்டும் ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்தப் புள்ளி வழியாகக் கிடையாக ஒரு கோடு போட்டால் அதுதான் தொடுவானம், அதாவது கேமரா இருந்த உயரம். கேமரா மார்பு உயரத்தில் இருந்திருந்தால், அதே தரையில் நிற்கும் ஏறக்குறைய ஒரே உயரமுள்ள எல்லோருக்கும் அந்தக் கோடு மார்பில்தான் ஓட வேண்டும், முன்னால் நின்றாலும் சரி, பின்னால் தூணோரம் நின்றாலும் சரி. பாதத்தை எங்கே வைக்கிறீர்கள் என்று முடிவு செய்து, மார்பு கோட்டைத் தொடும் வரை ஸ்கேல் செய்யுங்கள், அளவு தானாக அமைந்துவிடும். திண்ணை மேல் நிற்பவருக்கு மட்டும் திண்ணையின் உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும், கோடு அவருக்கு மார்பைவிட இன்னும் கீழே ஓடும். மகன் படம் கண் உயரத்தில் எடுத்து வந்திருந்தால் சின்ன வித்தியாசம் தெரியத்தான் செய்யும், அவரைப் பின் வரிசையில் நிறுத்திப் பாதத்தை முன்னால் நிற்பவர் மறைக்கும்படி செய்யுங்கள்.

பாதமும் தரையும்

மூன்று தனி வேலைகள் இங்கே இருக்கின்றன, மூன்றையும் டிராப் ஷேடோ என்ற ஒரே ரெடிமேட் நிழலில் முடிக்கப் பார்ப்பதால்தான் ஆட்கள் மிதக்கிறார்கள்.

முதலாவது, பாதம் தரையைத் தொடும் இடத்து இருட்டு. புது லேயர், மல்டிப்ளை, தூணடி நிழலிலிருந்து எடுத்த கரும்பழுப்பு. முழுக் கறுப்பு வேண்டாம், வெயில் நிழலில் கறுப்பே கிடையாது. பத்துப் பிக்சல் மென்மையான பிரஷ்ஷில் குதிகால், விரல் அடியில் மட்டும் ஒரு கோடு. இது இல்லாமல் மற்ற இரண்டும் வீண்.

இரண்டாவது, விழும் நிழல். ஆளின் லேயரை நகலெடுத்து, முழுக்க அதே கரும்பழுப்பால் நிரப்பி, யூனிஃபைட் டிரான்ஸ்ஃபார்மில் தரையோடு படுக்க வைத்து, சிவப்பு அம்பு போகும் திசையிலேயே சாயுங்கள். தூணின் நிழல் தூணைப் போல எத்தனை மடங்கு நீளமோ ஆளுக்கும் அதே கணக்கு. பாதத்தருகே கூர்மையாகவும் தலைப்பக்கம் மங்கலாகவும் இருக்க வேண்டும், அதனால் காசியன் பிளர் போட்ட நகல் ஒன்று, போடாத நகல் ஒன்று வைத்து, கிரேடியன்ட் மாஸ்க்கால் இரண்டையும் கலந்துவிடுங்கள். நிழல் படியில் ஏறினால் அங்கே அது மடங்கும், படியின் விளிம்பில் வெட்டி மேல் துண்டைத் தனியாகச் சாய்க்க வேண்டும்.

மூன்றாவது நம்ம ஊர்த் தரைக்கே உரியது. ஆத்தங்குடிக் கல்லின் முகம் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்படுகிறது, அச்சுச் சட்டத்துக்குள் வண்ணச் சிமெண்டை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் போட்டு எடுப்பார்கள். அதனால் வழவழப்பாக வரும், துடைக்கத் துடைக்க மெருகேறும். அந்தத் தரையில் நிற்கிறவரின் பிம்பம் லேசாகத் தெரியாமல் இருக்கவே இருக்காது. ஆளின் லேயரைத் தலைகீழாகப் புரட்டிப் பாதத்தோடு பாதம் சேர்த்து வையுங்கள், லேசாகத் தெரியும்படி ஒபாசிட்டி 12, 15 சதவீதம், கொஞ்சம் பிளர், முழங்காலுக்குள் மறைந்துவிடும்படி கிரேடியன்ட் மாஸ்க். சிவப்புக் கல் என்றால் இன்னொன்று கவனியுங்கள்: வெயில் பட்ட சிவப்புத் தரை வெள்ளை வேட்டியின் கீழ்க்கரையில் சிவப்பைத் திருப்பி அடிக்கும். வேட்டியின் கடைசி சாண் அளவுக்கு, தரையிலிருந்து எடுத்த சிவப்பை மல்டிப்ளையில் எட்டுப் பத்து சதவீதம் பூசிப் பாருங்கள். யாருக்கும் அது பூச்சாகத் தெரியாது, ஆள் அங்கேயே நிற்பதாகத்தான் தெரியும்.

நிறத்தை ஒன்றாக்குவது

மேலே ஒரு லேயரைச் சாம்பல் நிறத்தால் நிரப்பி அதன் மோடை எச்எஸ்எல் கலர் என்று மாற்றினால் முழுப் படமும் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். இப்போது ஆளின் கருமையான இடத்தையும் (முடி, சட்டை மடிப்பு) வீட்டின் கருமையான இடத்தையும் (கதவுக்குப் பின்னால் இருட்டு) ஒப்பிடுங்கள். வெளிச்சத்தையும் இருட்டையும் மாற்றும் கர்வ்ஸில் ஆளின் கறுப்பையும் வெள்ளையையும் வீட்டுக்கு இழுத்து வாருங்கள். பிறகு அந்தச் சாம்பல் லேயரை அணைத்துவிட்டு, கலர் டெம்பரேச்சரில் மஞ்சள், நீலச் சாயலை ஒன்றாக்குங்கள். வெளிச்சம் முதலில், நிறம் அப்புறம், மாற்றிச் செய்தால் சுற்றிச் சுற்றி அதே இடத்தில் நிற்பீர்கள். கடைசியாக எல்லோர் மேலும் ஒரே அளவு மெல்லிய நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்), வேறு வேறு போன்களில் எடுத்த படங்கள் அதனால் நெருங்கி வரும்.

முகத்தைத் தெளிவாக்கித் தருகிறேன் என்று வரும் ஏஐ வசதிகளைச் சுவர் ஒயரை அழிக்கவும் பின்னணியை நீட்டவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முகத்தில் வேண்டாம். கண்ணையும் பல்லையும் புதிதாகச் செய்துவிடுகிறது, அறுபது வருடமாகப் பார்த்த முகம் சொந்தக்காரர்களுக்கே அந்நியமாகிவிடும்.

எழுத்து

முகப்புச் சுவரில் வீட்டு விலாசத்தையும் ஆண்டையும் சுதையில் எழுப்பி வைத்திருக்கும் வீடுகள் இங்கே உண்டு. ‘மணிவிழா’ என்ற தலைப்பை அதே முறையில், அந்தச் சுவரின் சுண்ணாம்பிலேயே எழுப்பியது போலச் செய்யலாம். இதை ஒருமுறை செய்து பார்த்தால் ரெடிமேட் எஃபெக்ட்டுகள் பக்கம் மனம் போகாது.

ஃபான்ட் யூனிகோடாக இருக்கட்டும். பாலு தம்பி உருண்டையாக, சுதைக்குப் பொருத்தமாக இருக்கும். கேட்டமரன், முக்த மலர் இரண்டிலும் கனமான வகை உண்டு. எல்லாம் இலவசம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். ஜிம்ப்பில் தமிழ் சரியாகவே சேரும். பழைய போட்டோஷாப்பில் கொம்பு தனியாகப் போய் நின்றால் ப்ரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்பதைத் தேர்ந்து, மென்பொருளை மூடித் திறந்து, புதுக் கோப்பில் அடித்துப் பாருங்கள். யூனிகோடு அல்லாத பழைய பாமினி ஃபான்ட்டில் அடித்த வாசகத்தை அப்படியே இந்த ஃபான்ட்டுகளுக்கு மாற்ற முடியாது, முதலில் யூனிகோடாக மாற்றும் கருவியில் போட வேண்டும், மாற்றியதை ஒரு வரி விடாமல் படிக்கவும் வேண்டும்.

இனி சுதை. வார்த்தையை அடித்து, சுவரில் இடம் பார்த்து வையுங்கள். சுவர் சாய்வாகத் தெரிந்தால் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் எழுத்தையும் அதே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள், ஆனால் அதன் பிறகு வார்த்தையைத் திருத்த முடியாது, ஒரு நகல் எடுத்து ஒளித்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். இப்போது ஒரு கறுப்பு லேயரில் அந்த எழுத்தை வெள்ளையில் வைத்து, இரண்டையும் ஒரே லேயராக இணைத்து, எட்டுப் பத்து பிக்சல் காசியன் பிளர் கொடுங்கள். இதுதான் புடைப்பின் வரைபடம், வெள்ளை மேடு, கறுப்பு சமதளம். சுவர் லேயரை நகலெடுத்து ‘சுதை’ என்று பெயர் வைத்து, ஃபில்டர்ஸ் மெனுவில் மேப், அதில் பம்ப் மேப் போய், துணை லேயராக அந்த வரைபடத்தைக் கொடுங்கள். எலிவேஷன் என்ற வெளிச்சத்தின் உயரக் கோணம் 30இலிருந்து 45க்குள். அசிமுத் என்ற திசை அளவில் எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், எழுத்தின் பளிச்சென்ற ஓரம் சிவப்பு அம்பு வரும் பக்கம் வரும் வரை திருப்புங்கள். கஜலட்சுமிக்கு எந்தப் பக்கம் வெளிச்சமோ ‘ம’வுக்கும் அதே பக்கம், அவ்வளவுதான். பிறகு வரைபட லேயரின் கண்ணை அணைத்துவிட்டு, எழுத்தின் வடிவத்தைப் பிடிக்க எழுத்து லேயரில் ஆல்ஃபா டு செலக்‌ஷன் கொடுத்து, சுதை லேயருக்கு அந்த செலக்‌ஷனிலிருந்து மாஸ்க். சுவரின் கறை, விரிசல், வெள்ளையடித்த தடம் எல்லாம் எழுத்துக்குள்ளும் தொடர்ந்து ஓடும்.

அதற்கு அடியில் நிழல் வேண்டும். எழுத்தின் நகலுக்கு டிராப் ஷேடோ, அம்பு போகும் திசையிலேயே, 500 பிக்சல் உயர எழுத்துக்கு 10, 12 பிக்சல் தள்ளல் போதும். சுதை எழுத்து சுவரிலிருந்து ஓரிரு அங்குலம்தான் எழும்பி நிற்கும், அரை அடி நிழல் விழுந்தால் தெர்மோகோலில் வெட்டி மாட்டியது போலாகிவிடும். நிறம் வேண்டுமென்றால் அதே மாஸ்க்கோடு ஒரு நீலமோ காவியோ மல்டிப்ளையில் 70 சதவீதம்.

தம்பதியர் பெயருக்குத் தங்கம் கேட்பார்கள். அச்சில் தங்கம் மின்னாது, அடர்த்தியும் வெளிச்சமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் உலோகமாகத் தோன்றும். மஞ்சளில் தொடங்கி மஞ்சளில் முடிகிற கிரேடியன்ட் கடுகு நிறத்தில்தான் வந்து நிற்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எண்களைக் கொடுத்து, மேலிருந்து கீழாக 255, 236, 170 என்ற வெளிர் நிறம், பிறகு 212, 166, 66, நடுவில் சட்டென்று 92, 58, 16 என்ற கரும்பழுப்பு, அப்புறம் மெதுவாக மறுபடி 212க்கு ஏறட்டும். அந்த நடு இருட்டுதான் தங்கத்தைத் தங்கமாக்குகிறது. ஒரு பேனரில் ஒரு சுதை, ஒரு தங்கம், மீதி எல்லாம் வெறும் எழுத்து. நாள், இடம், கோயில், பிரிவு, அழைப்பவர் பெயர்கள் இவற்றுக்கு எந்த எஃபெக்ட்டும் வேண்டாம், படிக்க முடிந்தால் போதும்.

தமிழ் எழுத்துக்கு எஃபெக்ட் போடும்போது ஆங்கிலப் பாடங்களில் யாரும் சொல்லாத இரண்டு ஆபத்துகள். ஒன்று புள்ளி. ஸ்ட்ரோக் என்ற வெளிக்கோட்டைக் கனமாக்கினால் ‘ழ்’இன் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிளர் அதிகமானால் புள்ளியே கரைந்துவிடும், ‘அழைப்பிதழ்’ ‘அழைப்பிதழ’ ஆகிவிடும். ‘ண’, ‘ணை’யின் சுழிகளும் அடைத்துக்கொள்ளும். எழுத்தின் மிக மெல்லிய கோட்டை அளந்து, பெவல் என்ற ஓரப் புடைப்போ ஸ்ட்ரோக்கோ அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பாருங்கள். இரண்டாவது எழுத்து இடைவெளி. அலங்காரத்துக்காக அதைக் கூட்டினால் சில மென்பொருட்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். வார்த்தைக்கு நடுவே இடைவெளி விடுங்கள், எழுத்துக்கு நடுவே வேண்டாம். வரிகளுக்கு இடையிலும் தாராளமாக விட வேண்டும், மேல் வரியின் ‘கூ’வும் கீழ் வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும்.

மேலே ஐயாவும் அப்பத்தாவும்

காலமான பெரியவர்களின் படத்தை மேலே ஆசீர்வாதமாக வைப்பது வழக்கம். அவர்களை நிற்கிறவர்களோடு வரிசையில் சேர்த்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் செய்யாதீர்கள், சிலருக்கு அது ஆறுதல், சிலருக்கு மனம் சங்கடப்படும். சட்டத்திலிருந்து படத்தை எடுக்க முடிந்தால் 600 டிபிஐயில் ஸ்கேன். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், ஜன்னலோரம் சாய்த்து வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், உங்கள் பிம்பம் விழாத கோணத்தில் எடுங்கள். கீறலுக்கு ஹீல் கருவி. நிறம் ஏற்றாதீர்கள், பழைய ஸ்டூடியோப் படத்தின் அந்தப் பழுப்பே அழகு. இதற்கு வெயில் அம்பு பொருந்தாது, அதனால்தான் ஒரு வட்டத்துக்குள் தனிப் படமாக வைக்கிறோம்.

அச்சுக்கு

அடுக்குகளோடு இருக்கும் எக்ஸ்சிஎஃப் கோப்பு உங்களிடமே இருக்கட்டும், மண்டபமோ நேரமோ மாறும்போது தேவைப்படும். அச்சகத்துக்கு எழுத்து படமாகிவிட்ட டிஃப் அல்லது உயர்தர ஜேபெக், அப்போதுதான் அவர்களிடம் ஃபான்ட் இல்லாமல் போனாலும் பிரச்சினை இல்லை. திரையில் துடிப்பாகத் தெரியும் நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கே என்ற நாலு அச்சு மை நிறங்களில் மங்கும், முன்கூட்டியே கொஞ்சம் அடக்கி வையுங்கள். கோப்பைக் கொடுப்பதற்கு முன், தலைப்பு எழுத்து ஒன்றும் ஒரு முகமும் உள்ள பகுதியை அசல் அளவிலேயே ஏ4 தாள்களில் அடித்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். புள்ளி தெரிகிறதா, முகத்து வெளிச்சமும் எழுத்து வெளிச்சமும் ஒரே பக்கமா என்று பார்த்துவிட்டு, பெயர்களையும் தலைக்கட்டு வரிசையையும் வீட்டில் மூத்தவர் ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். திருத்தம் இருந்தால் அன்றைக்கே செய்து அனுப்பிவிடலாம்.